பதினொரு நிமிடத்தில் நிற்கும் என் கணினிக்கு யார் பொறுப்பு?

கொட்டாஞ்சேனை,
சனிக்கிழமை.

"கணினிக் கேள்வி பதில்" பக்கத்தின் பொறுப்பாசிரியர் அவர்கட்கு,

ஐயா,

வணக்கம். தாங்களும் தங்கள் பத்திரிகைக் கந்தோரில் உள்ள எல்லோரும் நோய் நொடியின்றி இருக்க வேண்டுமென்று எங்கள் தெரு அம்மனை வேண்டிக்கொண்டு இக்கடிதத்தைத் தொடங்குகிறேன். உங்கள் பக்கத்தில் பதில் எழுதுகிறாரே ஒருவர், அவருக்கு மட்டும் இந்த வேண்டுதல் பொருந்தாது.

நான் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவன். உங்களுக்கு இதுவரை பதினொரு கடிதம் போட்டிருக்கிறேன்; "செ. ச., கொட்டாஞ்சேனை" என்று மூன்றைப் பிரசுரித்தீர்கள். என் மகள் உஷாந்திக்கு வயது இருபத்தாறு. கணினி டிப்ளோமா முடித்து ஆறு நேர்முகப் பரீட்சைக்குப் போய் ஆறிலும் வேலை கிடைக்கவில்லை. இனி வருவதெல்லாம் கணினியிலேயே நடக்கும் என்றார்கள். அதற்காகத்தான் ஒரு கணினி வாங்கினோம். வாங்கிய முதல் கிழமையே பெட்டிக்குள் இருக்கும் ஃபேன் சத்தம் போட்டது. உங்களுக்கு எழுதினேன். மூன்று கிழமை கழித்து வந்த பதில்: "தூசு காரணமாக இருக்கலாம். தூசு படாமல் வைக்கவும்." அவ்வளவுதான். சரி, படித்தவர் சொல்கிறார் என்று ஹோலில் இருந்த ஷோகேஸில் என் பிரியாவிடைக்குக் கிடைத்த கோப்பை செட்டை இறக்கிவிட்டுப் பெட்டியை உள்ளே ஏற்றினேன். பின்பலகையில் துளை போட்டு வயர்களை வெளியே எடுத்தேன். என் மனைவி ஜெயராணி சிவப்பு வெல்வெட்டில் லேஸ் வைத்து அதற்கு ஒரு உறை தைத்துப் போட்டாள். கண்ணாடியைச் சாத்திப் பூட்டினேன். ஒரு பொட்டுத் தூசு இல்லை. சத்தமும் வெளியே கேட்கவில்லை. பதினொரு நிமிடத்தில் கணினி தானாக நின்றது.

மறுபடியும் எழுதினேன். "வயர்கள் தளர்ந்திருக்கலாம். கழற்றி மீண்டும் பொருத்தவும்" என்று பதில். எந்த வயர் எந்த ஓட்டைக்கு என்று மறக்காமல் இருக்க, ஜெயராணியின் ஒட்டுப்பொட்டுகளை எடுத்து வயருக்கு ஒன்று, ஓட்டைக்கு ஒன்று என்று கவனமாக ஒட்டிவிட்டுக் கழற்றினேன். எல்லாம் கழற்றி முடிந்த பிறகுதான் பார்க்கிறேன், அத்தனை பொட்டும் ஒரே மெரூன் கலர். திரும்பப் பூட்ட ஒரு நாள் பிடித்தது. இரண்டு ஸ்க்ரூ மிஞ்சியது, அதை நெஸ்டமோல்ட் மா டின்னுக்குள் போட்டு வைத்திருக்கிறேன், வேண்டுமானால் அனுப்பலாம். கணினி பதினொரு நிமிடத்தில் நின்றது. மூன்றாவது பதிலில் ரேம் கூட்டச் சொன்னார். கூட்டினோம். முன்பு மெதுவாக ஓடிப் பதினொரு நிமிடத்தில் நின்றது, இப்போது வேகமாக ஓடிப் பதினொரு நிமிடத்தில் நிற்கிறது.

இதற்கிடையில் உஷாந்தியும் ஒரு பக்கம் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். "அப்பா, அது காத்தில்லாமத்தான் நிக்குது. அந்தக் கண்ணாடியைத் திறந்து விடுங்கோ" என்றாள். பேப்பரில் அப்படிப் போட்டிருக்கிறதா என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அச்சில் வராத ஒன்றை நான் எப்படி ஐயா நம்புவது?

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஏழாவது நேர்முகப் பரீட்சை. எந்தக் கம்பனி என்று அவள் எங்களுக்குச் சொல்லவில்லை. போன முறை நுகேகொடைக் கம்பனி ஒன்றுக்கு நான் ஃபோனில் கோல் எடுத்து, பொம்பிளைப் பிள்ளைகளுக்குத் தனிக் கழிவறை இருக்கிறதா, படியில் லைட் எரியுமா என்று நாலு கேள்வி கேட்டேன், அது குற்றமாம். பத்து மணி பதினொரு நிமிடத்துக்குத் திரை கறுத்தது. பிள்ளை ஃபோனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், தொடர்மாடிப் படியில் குந்தியிருந்து மிச்சத்தைக் கதைத்து முடித்தாள். உள்ளே வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள், சாப்பிடக்கூட எழும்பவில்லை. முப்பத்தொரு வருடத்தில் ஒரு ஃபைலைக்கூடத் தொலைத்தவனில்லை, என் பிள்ளையின் வேலையைத் தொலைத்துவிட்டேனே என்று பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

பின்னேரம் கணினி திருத்துகிற மஹ்ரூபைக் கூப்பிட்டேன். ஷோகேஸைப் பார்த்தவுடன் கதிரையில் உட்கார்ந்துவிட்டான். "அங்கிள், வெல்வெட் சட்டையும் போட்டு உள்ளுக்கு வெச்சுப் பூட்டினா, நீங்களெண்டாலும் பதினொரு நிமிஷம் தாங்குவீங்களா?" என்று கேட்டான். பெட்டியை மேசையில் வைத்து உறையைக் கழற்றினான். இப்போது இரண்டு நாளாக நிற்காமல் ஓடுகிறது.

நான் கேட்பது இதுதான். உங்கள் மூன்று பதில்களிலும் "ஷோகேஸுக்குள் வைக்க வேண்டாம்" என்று ஒரு சொல் உண்டா? அவருக்கு வீட்டில் ஷோகேஸ் இல்லையா? இந்த அரைகுறையை உடனே நிறுத்திவிட்டு, விஷயம் தெரிந்த, பொறுமையுள்ள ஒருவரை அந்த இடத்தில் போடும்படி ஒரு தகப்பனாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வீட்டாருக்கு என் ஆசிகள். தங்கள் கணினிகள் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
செ. சந்திரகுமார்
இளைப்பாறிய எழுதுவினைஞர்

பி.கு: நேற்று ஞாயிறு, தபால் கந்தோர் பூட்டு. அதனால் இது இன்னும் என் கையில்தான் இருக்கிறது. இன்று காலை உஷாந்திக்கு நியமனக் கடிதம் வந்தது. தங்கள் கந்தோரிலிருந்து. கணினிப் பக்கத்துக்குப் பதில் எழுதும் வேலை. முன்பிருந்தவர் யாரோ ஒரு வாசகரின் தொல்லை தாங்காமல் விட்டுப் போய்விட்டாராம். அந்த வாசகரோடு ஒரே வீட்டில் இருபத்தாறு வருடம் இருக்கிறேன் என்று இவள் படியில் இருந்து சொன்னதும், வேறு கேள்வி கேட்காமல் எடுத்துவிட்டார்களாம். ஆகவே மேலே உள்ள எதையும் நான் எழுதவில்லை என்று கொள்ளவும். உங்கள் பக்கம் மிகவும் தரமானது.

ஆனால் இந்த மவுஸ் நேற்றிலிருந்து ஒரு பக்கமாக இழுக்கிறது. ஏன் என்று அவளிடம் கேட்டேன். "வீட்டில கேட்டா நீங்க நம்பமாட்டீங்களப்பா. தபாலில போடுங்கோ, மூண்டு கிழமையில பேப்பரில வரும்" என்றாள். பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். முத்திரை ஒட்டிவிட்டேன்.