ஒரு டெராபைட்டும் ஒரு ஓட்டையும்

மனித குலத்தின் மகத்தான சாதனைகளில் நெருப்பு முதலாவது, சக்கரம் இரண்டாவது. மூன்றாவது, ஆவணக் காப்பு அலுவலகத்துக்குத் தபாலில் வந்து சேர்ந்த ஒரு டெராபைட் மெமரி கார்டு. இதில் கருத்து வேறுபாடு கொள்ளக்கூடிய ஒரே ஆளும் அன்று விடுப்பில் இருந்தார்.

கார்டு கட்டைவிரல் நகமளவுதான். மூர்த்தி சிறிதென்றாலும் கீர்த்தி பெரிது. பதினோரு பீரோ கோப்புகளை மூன்றே வாரத்தில் விழுங்கி ஏப்பம் விட்டது. படமெடுத்த காகிதமெல்லாம் அரவை இயந்திரத்துக்குப் போனது. தலைமை எழுத்தரின் முப்பத்து நான்கு வருடப் பணிப்பதிவேடும் கூடவே போனது. அவர் கலங்கவில்லை. மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. மகள் வீட்டில், பேத்தியைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் 'பதவி' அவருக்காகக் காலியாக இருந்தது. அந்த நாளைத்தான் அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு நகல் எடுத்து வச்சுக்கலாமா சார்?" என்று அவரிடம் கேட்டாள் கணினிப் பிரிவுப் பெண்.

"ஒரு டெராபைட் இருக்கும்மா. அதுக்கு மேல நகல் எடுத்தா கார்டை நம்பலைன்னு ஆகிடும்."

கார்டு இப்போது 'நிரந்தர ஆவணம்'. நிரந்தர ஆவணம் எதுவானாலும் இடது மேல் மூலையில் துளையிட்டு, நாடா கோத்து, கோப்பில் கட்ட வேண்டும் என்பது விதி. தலைமை எழுத்தர் ஒருநாளும் விதியை மீறியவர் அல்லர். குத்தூசியை எடுத்தார். பேப்பர் வெயிட்டால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"ஐயோ, என்ன சார் பண்றீங்க?"

"பதறாதம்மா. ஓரமாத்தான் போட்டிருக்கேன். எழுத்து எதுவும் அடிபடாது."

அதன்பிறகு எந்தக் கணினியும் அந்தக் கார்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மாதக் கடைசியில் தலைமை எழுத்தர் ஓய்வு ஆணை கேட்டு அதிகாரி முன் நின்றார். பதின்மூன்று வருடங்களாக இவரிடம் பேனா இரவல் வாங்கிய அதிகாரி அவர்.

"நீங்க இங்க வேலை பாத்ததுக்கு ஆதாரம் எங்க?"

"என்னை உங்களுக்குத் தெரியாதா சார்?"

"எனக்குத் தெரியும். ஆபீஸுக்குத் தெரியலையே. பதிவேடு இல்லைன்னா வேலையிலயே சேரலைன்னு அர்த்தம். சேராத ஆளுக்கு ஓய்வு எப்படிக் குடுக்கறது?"

தலைமை எழுத்தருக்கு வாழ்நாளில் முதல்முறையாகக் கோபம் வந்தது. பள்ளி வாசலில் பேத்தி தனியாக நிற்பதுபோல் ஒரு தோற்றம் கண்முன் வந்து போனது. கோப்பைத் திறந்து, நாடாவில் தொங்கிய கார்டை மேசைமேல் வைத்தார்.

"ஆதாரம்தானே சார்? இந்த ஓட்டைதான். இதுல ஓட்டை போடணும்னு வெளியாள் எவனுக்காவது தோணுமா?"

அதிகாரி கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடது மேல் மூலை. அளவெடுத்ததுபோல் இருந்தது. தலைமை எழுத்தரிடம் பேனாவை இரவல் வாங்கினார்.

"ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல இந்தக் கைப்பக்குவம் வராது" என்றபடி கையெழுத்துப் போட்டார். "முப்பத்து நாலு சரிதான்."