வடிகட்டியார் விலக்கிய ஆயிரம் முடிச்சுகள்

நம்முடையது எது, வெளியாருடையது எது என்று பிரித்தறிவதில் வடிகட்டியாரை விஞ்ச ஒருவர் பிறந்திருக்கலாம். ஆனால் அந்த ஒருவர் சிறுசேரியில் எங்கள் மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேரவில்லை.

எங்கள் மூத்த நிரலரான அவருக்கு வடிகட்டியார் என்பது நாங்கள் சூட்டிய பெயர். சிங்கப்பெருமாள் கோயில் ஊரிலிருந்து அலுவலக வண்டியில் வருவார். அவர் கொண்டுவரும் ஊறுகாயைப் புகழ்ந்தால் ஏற்கமாட்டார். அது கடையில் வாங்கியதாம், வீட்டில் வைத்த குழம்பைப் பற்றி மட்டுமே கருத்துச் சொல்லலாமாம். ஒருநாள் வண்டி நடுவழியில் நின்றுவிட, அனைவரும் ஓட்டுநரைக் கடிந்துகொண்டோம். இவர் மட்டும் நிதானமாகச் சொன்னார்: “வண்டி கான்ட்ராக்டருது. அதுல ஏறினதுதான் நம்ம தப்பு.”

நான் அப்போது தகுதிகாண் பருவத்தில் இருந்தேன். என் வேலை, வாடிக்கையாளருக்கு அனுப்பவேண்டிய ஓர் அறிக்கையில் தொங்கிற்று. கணினி நிரலை இயக்காமலே படித்து, எந்தப் பகுதி எதைச் சார்ந்திருக்கிறது என்று வரைந்து காட்டும் கருவி ஒன்று உண்டு. பகுதிகள் ஒன்றையொன்று சுற்றிச் சார்ந்திருந்தால் அது முடிச்சு. என் நிரலை அதில் இட்டதும் ஆயிரத்துக்குமேல் முடிச்சுகள். படம் அடுப்புக்கரியைக் கொட்டியதுபோல் இருந்தது. மேலாளர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பணிக்கோப்பைப் பார்த்தார்.

வடிகட்டியார் குனிந்து நோக்கினார். “இன்னாபா, ஊரான் எழுதுனதெல்லாம் சேத்து எண்ணிக்கினு கீறியே?”

நாங்கள் அடித்தளமாகக் கொண்ட பிரேம்வொர்க், வெளியார் எழுதிய ஆயத்த நிரல். அதன் முடிச்சுகளை நாங்கள் அவிழ்க்கவும் இயலாது. அதன் பெயரில் தொடங்கும் கோப்புகளையெல்லாம் விலக்கும்படி கருவிக்கு ஒரு வரி எழுதினார். படம் பளிச்சென்று வெளுத்தது. ஒரு முடிச்சும் இல்லை. மேலாளர் தேநீர் வரவழைத்தார்.

வடிகட்டியார் அதைத் தொடவில்லை. “ஒண்ணுகூட இல்லன்னா, உன்னுதும் சேந்து பூடுச்சிபா.”

உண்மைதான். பிரேம்வொர்க்கின்மீது கொண்ட பக்தியால், என் கோப்புகள் பலவற்றுக்கும் அதன் பெயரையே முன்னால் சூட்டியிருந்தேன். வெள்ளைப் படத்தையே அனுப்பிவிடலாம் என்று மேலாளர் கெஞ்சினார்.

“வாங்கறவனும் இதே கருவிய ஓட்டிப் பாப்பான் சார். அப்ப இவன் வேலைதான் போவும்.”

என் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர்மாற்றி மீட்டார். மூன்று முடிச்சுகள் தென்பட்டன. மூன்றும் என் கைவண்ணம். ஆயிரம் மூன்றானதும், தூக்குமேடையிலிருந்து இறங்கியவன்போல் மூச்சுவிட்டேன். மதியத்துக்குள் அவிழ்த்தோம். கண்டதையும் திருத்தியதையும் மறைக்காமல் அறிக்கையில் எழுதினார்.

மாலையில் வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்து, அம்மூன்றும் யாருடைய பிழை என்று வினவினார். மேலாளர் வாய்திறக்குமுன் வடிகட்டியார் முந்திக்கொண்டார்: எல்லாரும் சேர்ந்து எழுதியது, அவிழ்த்தும் ஆயிற்று என்று முடித்துவிட்டார்.

மறுநாள் என் பணி உறுதியாணை வந்தது. உறையைப் பிரிக்காமலே அவரிடம் நீட்டினேன். முதலில் அவர் படிக்கட்டும் என்று தோன்றியது.