வாய்ப்பு அதிகம் மாமா

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் நலமும் தங்கள் முழங்கால்கள் இரண்டின் நலமும் விசாரித்து எழுதுவது. தொலைபேசியில் சொன்னால் தாங்கள் மகள் கட்சி பேசி வைத்துவிடுகிறீர்கள். ஆகவே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதி, தெரிந்த டாக்சிக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

என் மருமகள் தங்கமான பெண், மறுக்கவில்லை. ஆனால் நர்ஸ் வேலைக்குப் போனதிலிருந்து அவள் வாயில் உண்டு, இல்லை என்ற பதிலே வருவதில்லை. நான் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்தவன். வண்டி வந்தது, வரவில்லை, இந்த இரண்டைத் தவிர வேறு எழுதியறியேன். போன வாரம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் பாதி வழியில், "கதவைப் பூட்டினியாம்மா?" என்றேன். "பூட்டியிருக்க வாய்ப்பு அதிகம் மாமா" என்றாள். மனசு கேட்காமல் திரும்பிப் போனால் பூட்டு ஜம்மென்று தொங்குகிறது, மறுபடி மண்டபம் போனால் கல்யாணம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். பால் கெட்டுவிட்டதா என்று கேட்டால் பாதிக்குப் பாதி என்கிறாள். அதைக் குடித்துவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இன்று காலை என் மனைவிக்குத் தாடையில் வலி, உடம்பெல்லாம் வேர்வை. பல்வலி என்றேன். மருமகள் காதில் போட்டுக்கொள்ளாமல் தான் வேலை பார்க்கும் இங்கேயே அழைத்து வந்துவிட்டாள். ஈசிஜி எடுத்தார்கள். நன்றாக இருந்தது. அப்பாடா என்று செருப்பை மாட்டினால், மருமகள் வழிமறிக்கிறாள்.

"அத்தைக்குச் சர்க்கரை இருக்கு, வயசு இருக்கு, வேர்வை வேற. இப்படி வர்ற பத்து பேர்ல நாலு பேருக்கு இதயத்துலதான் கோளாறுன்னு நினைச்சேன். இந்த ஈசிஜி நல்லா இருக்கறதால அது ரெண்டா குறைஞ்சிருக்கு. சைபர் ஆகலை மாமா."

"பாஸா ஃபெயிலா, அதைச் சொல்லும்மா."

"தினமும் வர்ற வண்டி இன்னும் கண்ணுல படலைன்னா, வராதுன்னு ஜனங்களை வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா?"

என் தொழிலை வைத்தே என்னை மடக்குகிறாள்! டாக்டரும் அவள் பக்கம் தலையாட்டிவிட்டார். இருக்கச் சொல்லி, இன்னொரு ஈசிஜி எடுக்கப் போகிறார்களாம். உள்ளே என் மனைவி, "எனக்கு ஒண்ணுமில்லை, வீட்டுக்குப் போலாங்க" என்று முனகுகிறாள். ஆகையால் தாங்கள் நேரில் வந்து, கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும்படி தங்கள் மகளுக்குப் புத்தி சொல்ல வேண்டுகிறேன். வீட்டில் அனைவருக்கும் என் அன்பு, சின்னவர்களுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பி.கு.: வேறு காகிதம் இல்லாததால் இதிலேயே தொடர்கிறேன். இரண்டாவது ஈசிஜியில் தெரிந்துவிட்டது. மாரடைப்பு. அடைப்பை எடுக்க உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். வீட்டுக்குப் போயிருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. "பொழைச்சிடுவாளா? ஒரே வார்த்தைல சொல்லு" என்றேன். "பொழைச்சிடுவாங்க மாமா" என்றாள். இத்தனை நாள் நான் கேட்ட நேரான பதில். ஆனால் கேட்டதும், தேற்றுவதற்காகச் சொல்கிறாளோ என்று தோன்றிவிட்டது. "கணக்கைச் சொல்லும்மா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நூத்துக்குத் தொண்ணூறு மாமா" என்றாள். அப்புறம்தான் மூச்சு வந்தது.

அவளுக்குப் புத்தி எதுவும் சொல்ல வேண்டாம். ஆனால் அதே டாக்சியில் ஏறி வந்துவிடுங்கள். மகன் வெளியூரில் இருக்கிறான். மீதிப் பத்துக்கு என் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டும்.