திருமால் போட்ட தகவல் மனு

இனிமேல் வூட்டில் யாருக்கும் பயப்படுவதில்லை என்று போன தை மாசம் ஒரு முடிவெடுத்தேன். வீரமான முடிவு. சம்சாரத்துக்குத் தெரிந்தால் வம்பு என்று அதை வெளியே சொல்லாமல் வைத்திருந்தேன்.

என் பேர் பழமலை. விருத்தாசலத்தில் இந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும், அதனால் என்னைத் தேடிக்கொண்டு வந்துவிடாதீர்கள். செராமிக் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில், கரண்டு போர்டில் மாட்டுகிற பீங்கான் ஃபியூஸ் கேரியரைத் தட்டிப் பார்க்கிற வேலை எனக்கு. சூளையிலிருந்து வருகிற பீங்கானை விரலால் தட்டுவேன். 'டிங்' என்றால் நல்ல சரக்கு. 'டொக்' என்றால் உள்ளே விரிசல், ஓரம் கட்டு. ஊருக்கெல்லாம் கரண்டு பயம் இல்லாமல் பார்த்துக்கொள்கிற மனுஷன் நான். ஆனால் என் வூட்டில் ஃபேன் சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் செல்வநாயகியின் முகத்தை ஒருதரம் பார்த்துக்கொள்வேன்.

செல்வநாயகி என் சம்சாரம். வூடு அவள் பேரில் இருக்கிறது, அவள் அப்பா எழுதி வைத்தது. கீழே எனக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள நாலு பனியனும் ஒரு பல் விளக்குகிற பிரஷ்ஷும் உண்டு. மொட்டை மாடி மட்டும் என்னுடையது. கம்பெனி விட்டு வந்ததும் மேலே ஏறிவிடுவேன். அவளுக்கு முட்டி வலி, ஏற மாட்டாள். இந்த உலகத்தில் நான் சத்தமாகத் தும்முகிற ஒரே இடம் அதுதான்.

அதுக்குத்தான் வந்தது ஆபத்து.

"என்னங்க, மாடில ஒரு ரூமு போடலாம்னு இருக்கேன்."

சோற்றுக்குள் போன கை அப்படியே நின்றது. "எதுக்கும்மா?"

"அண்ணன் பெண்ணாடத்துல தனியாக் கெடக்குது. இங்க வந்து நம்ப கூட இருக்கட்டுமே."

"எத்தினி நாளைக்கு?"

"ரூமு கட்டிக் குடுக்கறவங்க நாளு கேப்பாங்களா?"

மச்சான் அன்புச்செல்வன் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள்தான் ஓய்வு, குரல் இன்னும் டியூட்டியில் இருக்கிறது. போன தீபாவளிக்கு வந்து ரெண்டு நாள் இருந்தார். நடையில் நின்றால் "உள்ள போ, உள்ள போ" என்பார். உள்ளே போனால் "வழியில நிக்காத" என்பார். பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டால் வெளியிலிருந்து விசில் கேட்கும். அந்த ரெண்டு நாளும் நான் சோப்பு நுரையோடுதான் நடமாடினேன். அப்பேர்ப்பட்டவர் நிரந்தரமாக, அதுவும் என் மாடியில்!

"உங்களுக்கு எதுனா ஆட்சேபணை இருக்குதா?" என்று கேட்டாள்.

"சேச்சே! எனக்கு என்ன ஆட்சேபணை? ரெண்டு ரூமாவே போடேன்" என்றேன். சொன்னது என் வாய்தான், நான் இல்லை. அந்த வாரமே அவள் அனுமதி கேட்டு நகராட்சியில் பிளான் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் அர்ச்சுனனிடம் போய் அழுதேன். என்கூடப் படித்தவன், நகராட்சி ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். அந்த ஆபீசுக்குள் போகிற காகிதமெல்லாம் இவன் கையைத் தாண்டித்தான் போகும். அதனால் சட்டம் முழுக்கத் தனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு.

"யோவ், மச்சான் வாணாம்னு வூட்ல நேரா சொல்லேன்யா."

"சொல்லலாம். அப்புறம் சோறு நீ போடுவியா?"

"அப்ப தகவல் மனு போடு. தகவல் அறியும் உரிமைச் சட்டம்யா! இந்த வூட்டு மாடிக்கு அனுமதி குடுத்தாச்சா, பிளான் நகலு குடு, அளவு குடுன்னு நாலு கேள்வி கேளு. எவனோ கவனிக்கிறான்னு ஆபீஸ்ல உஷாராயிடுவாங்க. கொஞ்ச நாளு இழுக்கும். உன் சம்சாரமும் அலைஞ்சு சலிச்சுப்போயி வுட்டுரும்."

"எம் பேருலயா?"

"உம் பேருல போட்டா உனக்குக் காரியம் பண்ண ஐயருக்கும் சேத்துச் சொல்லிவச்சுடணும். வேற பேரு போடு. பதிலு என் கடை விலாசத்துக்கு வரட்டும்."

திருமால் என்று பேர் வைத்துக்கொண்டேன். பயத்தில் வாயில் சாமி பேர்தான் வந்தது. எழுத்து தெரியக்கூடாது என்று கடைக்குப் பின்னால் உட்கார்ந்து இடது கையால் எழுதினேன். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்பை ஒட்டும்போது எச்சில் வரவில்லை, நாக்கு அவ்வளவு காய்ந்து கிடந்தது. அர்ச்சுனன்தான் தண்ணி தொட்டு ஒட்டினான்.

அதற்கப்புறம் ஒரு வாரம் மாடியில் ராஜா மாதிரி நடந்தேன். நாலு தும்மல் தும்மினேன்.

"என்னங்க, கீழ வாங்க."

கீழே வந்தேன். செல்வநாயகி கையில் ஒரு காகிதம் இருந்தது. மேலே நகராட்சி முத்திரை.

"யாரோ திருமாலாம். நம்ப வூட்டுப் பிளானைக் கேட்டு மனு போட்டிருக்கானாம். காட்டறதுல உங்களுக்கு ஆட்சேபணை உண்டான்னு கேட்டு ஆபீஸ்லேர்ந்து எனக்கு எழுதியிருக்காங்க."

ஒருத்தர் வூட்டைப் பற்றி இன்னொருத்தர் கேட்டால் வூட்டுக்காரருக்கும் ஒரு தபால் போட்டுக் கேட்பார்களாம், சட்டத்திலேயே அப்படி இருக்கிறதாம். அர்ச்சுனன் இதைச் சொல்லவேயில்லை. ஜெராக்ஸ் எடுக்கிறவன், பேப்பரைக் கவுத்துப் போட்டுத்தானே பார்த்திருப்பான்!

"யாருங்க இந்த திருமாலு?"

"எ... எனக்கு எப்பிடிம்மா தெரியும்?" என் குரல் எனக்கே 'டொக்' என்று கேட்டது.

"என் வூட்டுல இவனுக்கு என்னங்க நோண்டல்? அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும். இத எழுதின கையைப் புடிச்சி மிக்சில வுட்டு, மொளகாயோட சேத்து ஒரு சுத்து சுத்தறேன்."

இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"பிளானை நல்லாப் பாத்துக்கட்டும், எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல" என்றாள். "ஆனா இவன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சாவணும். அவன் போட்ட மனுவோட நகலு வேணும்னு நானும் ஒரு தகவல் மனு போடறேன்."

"மனுவுக்கே மனுவா? அதெல்லாம் குடுக்க மாட்டாங்கம்மா!"

"ஏன் குடுக்க மாட்டாங்க? அதுவும் ஆபீஸ்ல இருக்கற காயிதம்தானே? பேப்பரை எடுங்க. நீங்களே எழுதுங்க, என் கண்ணாடிய எங்க வெச்சேன்னு தெரியல."

உட்கார்ந்தேன். எழுதினேன். கை உதறிய உதறலில் 'உரிமை' என்கிற வார்த்தை மூணு வரிக்கு ஓடியது.

"ஏங்க கை இப்பிடி நடுங்குது?"

"பிரஷரும்மா."

"திருமால் என்கிற அயோக்கியர்னு எழுதுங்க."

"மனுவுல அப்பிடில்லாம் எழுதக்கூடாது..."

"ஏன், உங்களுக்கு வலிக்குதா?"

எழுதினேன். என்னை நானே அயோக்கியன் என்று எழுதி, ஸ்டாம்ப்பும் ஒட்டி, பேனாவை மூடினேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

"குடு, நான் தபால்ல சேத்துடறேன்."

"நீங்க சிரமப்படாதீங்க. ஆபீஸ்ல நானே போயிக் குடுத்துட்டு வரேன்."

பதில் கொடுக்கச் சட்டத்தில் முப்பது நாள் கெடு. அந்த முப்பது நாளும் நான் உயிரோடு இருந்தேன் என்று சொன்னால் அது அதிகப்படி. தெருவில் சைக்கிள் மணி அடித்தால் கட்டிலுக்குக் கீழே எதையோ தேடப் போய்விடுவேன். காலையில் சட்னிக்கு மிக்சி ஓடினால் என் இடது கை தானாகவே அக்குளுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். கம்பெனியில் நல்ல பீங்கானெல்லாம் 'டொக்' என்று கேட்டது. ஒரு டிரே முழுக்க ஓரம் கட்டிவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இந்த லட்சணத்தில் ரூமுக்கு அனுமதி வேறு வந்துவிட்டது. எவனோ கேள்வி கேட்கிறான், ஃபைலைச் சுத்தமாக முடித்து வைப்போம் என்று ஆபீசில் எல்லாத்தையும் மளமளவென்று பார்த்து முத்திரை குத்திவிட்டார்களாம். நான் போட்ட மனுவால் வந்த ஒரே பலன் இதுதான்.

சரி, இனிச் சந்தேகம் என் மேல் வராமல் பார்த்துக்கொள்ளணும். மாடியில் ரூம் வேணாம் என்கிறவன்தானே திருமால்? ரூம் வேணும் என்று நான் குதித்தால் எப்படி என்னைச் சந்தேகப்படுவாள்? குதித்தேன். சித்தாள் வரவில்லை என்றால் நான் செங்கல் தூக்கினேன். லீவு போட்டுவிட்டு கலவை குழைத்தேன். "செராமிக் ஊருல இருந்துக்கிட்டு மச்சானுக்கு டைல்ஸ் போடாமலா?" என்று நானே போய் நல்லதாகப் பார்த்து எடுத்து, தலையில் வைத்து மாடி ஏறினேன். என் மாடியை நானே செங்கல் செங்கலாக மூடினேன். ஒவ்வொரு வரிசை ஏறும்போதும் வயிறு எரிந்தது. ஆனால் பயம் வந்துவிட்டால் வயிற்றெரிச்சலை யார் பார்க்கிறார்கள்?

செல்வநாயகி கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஏங்க, அந்த திருமாலு இப்ப உங்களைப் பாத்தான்னா என்ன நெனப்பான்?"

செங்கல் கால்மேல் விழுந்தது. "ஏ... ஏன்மா கேக்கற?"

"சும்மாதாங்க கேட்டேன். பாத்து ஏறுங்க."

தகரக் கூரையும் போட்டாச்சு. மச்சான் பெட்டியோடு வந்து இறங்கினார். "ஏறு, ஏறு, ஏறு!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மாடிப்படி ஏறினார். அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறியதும் நான்தான்.

கெடு முடிகிற அன்றைக்கு எனக்குத் தாங்கவில்லை. ஆபீசுக்கே போய் மனுவைத் திரும்ப வாங்கிவிடுவது என்று கிளம்பினேன். வாசலில் மூணு தடவை திரும்பி, நாலாவது தடவை உள்ளே போய்விட்டேன். தகவல் கொடுக்கிற அதிகாரி பூர்ணிமா என்று மேசைமேல் பலகை இருந்தது. ஃபைலிலிருந்து தலையைத் தூக்கினார்.

"மேடம், என் பேரு திருமால். ஒரு மனு போட்டிருந்தேன். அத வாபஸ் வாங்கிக்கறேன். தயவுபண்ணி அதோட நகலை யாருக்கும் குடுத்துடாதீங்க. ஒரு குடும்பத்தோட உசுரு இதுல இருக்குது."

"ஒக்காருங்க பழமலை சார்."

உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் என்ன பேர் சொன்னார் என்று உறைத்தது.

"அம்மா மனு குடுத்த அன்னிக்கே ஃபைலை நேர்ல பாக்கணும்னு கேட்டு ஒக்காந்துட்டாங்க சார். பாக்க உரிமை இருக்குது, காட்டினோம். உங்க மனுவுல ரெண்டு வரி படிச்சாங்க, அப்பிடி ஒரு சிரிப்பு! 'இது எங்க வூட்டுக்காரரு மேடம். எப்பிடியும் ஒருநாளு திருப்பி வாங்க வருவாரு. வந்தா மொதல்ல தண்ணி குடுங்க, பயந்துபோயி இருப்பாரு'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."

தண்ணி வந்தது. பாதியைக் குடித்தேன், பாதியைச் சட்டை குடித்தது.

வூட்டுக்கு வந்தேன். செல்வநாயகி அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தண்ணி குடுத்தாங்களா?"

மிக்சி மூலையில் சும்மாதான் இருந்தது. இருந்தாலும் எதுக்கும் நாலடி தள்ளியே நின்றேன். "எப்பிடிம்மா கண்டுபுடிச்ச? எடது கையில இல்ல எழுதினேன்!"

"எழுத்தை யாருங்க பாத்தா? என் வூட்டு மேல மனு போடறவன் எவனாச்சும் 'மதிப்பிற்குரிய திருமதி செல்வநாயகி அம்மையார் அவர்களின் இல்லம்'னு எழுதுவானா? அம்மையாராம், அவர்களாம்! இந்த ஊருல எனக்கு அம்மாம் பயப்படற ஆளு வேற யாரு இருக்காங்க?"

எழுதியிருப்பேன். நிச்சயமாக எழுதியிருப்பேன். அவள் பேரை மொட்டையாக எழுத எந்தக் கையாலும் எனக்கு வராது.

"அப்ப தெரிஞ்சுக்கிட்டே ஏன்மா என்னை இத்தினி நாளா வதைச்ச? செங்கல்லு தூக்கி இடுப்பே போயிடுச்சு."

அடுப்பை அணைத்தாள். திரும்பினாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். கோபம் இல்லை, முகம் வாடிப்போயிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

"உங்களுக்கு ஆட்சேபணையான்னு அன்னிக்கே கேட்டேனா, இல்லியா? மாடி எனக்கு வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தெருக்கோடியில அண்ணனுக்கு ஒரு வாடகை வூடு பாத்திருக்க மாட்டேன்? நான் என்ன புலியா, கரடியா? கட்டின பொண்டாட்டிகிட்ட வாயைத் தொறக்காம, எவனோ பேருல ஆபீஸுக்கு எழுதறீங்க. சரி, சட்டத்துல முப்பது நாளு டைம் குடுக்கறாங்களே, நாமளும் குடுப்போம்னு குடுத்தேன். தெனமும் உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். இன்னிக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு. நீங்க செங்கல்லுதான் தூக்கினீங்க."

இருபத்தஞ்சு வருஷத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து நின்றேன். கால் ஆடியது, ஆடட்டும் என்று விட்டுவிட்டேன்.

"நாயகி, எனக்கு மாடி வேணும். மச்சான் வாணாம்."

சொல்லிவிட்டேன்! கண்ணை மூடிக்கொண்டேன். ஒண்ணும் விழவில்லை. மெதுவாகத் திறந்து பார்த்தேன். அவள் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது.

"இத்தினி நாளு கழிச்சி இப்பதான் ஆம்பளையா ஒரு வார்த்தை பேசியிருக்கீங்க. நல்லாத்தான் சொன்னீங்க. ஆனா கெடு முடிஞ்சிடுச்சு. இனிமே அப்பீலுதான்."

"அப்பீலு யாருகிட்டம்மா போடணும்?"

"அண்ணன்கிட்ட. மேலதான் இருக்குது. போறப்ப இந்தக் காபியையும் எடுத்துட்டுப் போங்க, ஆறிடப் போவுது."