சுகதன் ஒப்படைத்த ஆறு

"கட் பண்ணி பேஸ்ட் பண்றதுதானே, ரெண்டு நிமிஷ வேலை" என்று சுகதன் சொன்னது காலை பத்து மணிக்கு. இப்போது மணி பன்னிரண்டு. வெள்ள வரைபடம் பாதி பழைய ஃபோல்டரில் கிடந்தது, பாதி புது ஃபோல்டரில்.

ஆறு வருஷம் தவம் கிடந்து வாங்கிய மாற்றல். கண்ணூரிலிருந்து ஜெஸ்ஸிமோள் அவன் இடத்துக்குத் தொடுபுழாவுக்கு வருகிறாள். அவன் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கும் கண்ணூருக்கு, அவள் இடத்துக்குப் போகிறான். வரைபடத்தை ஒழுங்காகப் புது ஃபோல்டருக்கு மாற்றி, ஒப்படைப்புப் பதிவேட்டில் அவள் கையெழுத்து வாங்கினால்தான் விடுதலை.

"மேப்பைத் திறந்து வெச்சுக்கிட்டே நகர்த்தினியா சுகதா?" என்றார் ஹெட் கிளார்க் ஔசேப்பச்சன். "ஆள் உட்கார்ந்திருக்கும்போது நாற்காலியை இழுத்தா வருமா?"

மேப்பை மூடிவிட்டு மிச்சத்தையும் நகர்த்தினான். அதோடு விட்டிருக்கலாம். விதி விட்டால்தானே!

ஔசேப்பச்சன் ஃபோல்டருக்குள் எட்டிப் பார்த்தார். "இதென்ன பேரு? எல்லாம் ஏ, சைபர், சைபர், ஒண்ணுன்னு இருக்கு. பதிவேட்டுல இதையா எழுதுறது? ஒழுங்கா பேர் வை."

பதிவேட்டை எதிர்த்துப் பேச அந்த ஆபீஸில் ஆள் கிடையாது. இருநூற்றுப் பதினாலு ஃபைலுக்கும் சுகதன் பெயர் சூட்டினான். ஆறு, ஓடை, பாலம், தெரியாதது, தெரியாதது இரண்டு.

பழைய பெயர்களையே தேடிய மேப் திறக்கவே இல்லை. ஞாபகத்தை நம்பிப் பழைய பெயர்களைத் திருப்பி வைத்தான். திறந்தது. பாலங்கள் வரிசையாக நின்றன. கீழே ஆறு இல்லை.

"நகல் இருக்கா?"

"கட் பண்ணினா நகல் எங்கே இருக்கும் சாரே?" சுகதனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இது சரியாகாம உன்னை விட மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே, பிரிவுபசாரத்துக்கு வாங்கிய வாழைப்பழ பஜ்ஜியை, அதாவது பழம்பொரியை, ஔசேப்பச்சன் நிதானமாகக் கடித்தார்.

மூன்று மணிக்கு ஜெஸ்ஸிமோள் வந்தாள். பொய் சொல்ல சுகதனுக்கு வரவில்லை. நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் கொட்டிவிட்டான். அவள் திரையை ஒரு நொடி பார்த்தாள். பேனாவை எடுத்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள்.

"மேடம், ஆறே இல்லையே..."

ஜெஸ்ஸிமோள் தன் பையிலிருந்து இன்னொரு பதிவேட்டை எடுத்து அவன் முன்னால் விரித்தாள்.

"நீங்களும் கண்ணை மூடிக்கிட்டு இதுல ஒண்ணு போடுங்க சாரே. நான் ஒப்படைக்கிற கண்ணூர் மேப்புல கடலே இல்லை."