எண்பத்து நாலாம் பக்கத்தில் செத்தவன்

எண்பத்து நாலாம் பக்கத்துக்கு வந்ததும் அக்காவின் சிவப்புப் பேனா நின்றுவிட்டது.

அச்சகத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான்; முதலாளிக்குக்கூட. இருபத்தேழு வருடமாக அங்கே பிழை திருத்துகிறாள். அவள் கையெழுத்துப் போடாத பக்கம் மெஷின் ஏறாது என்பது அந்த இடத்தின் சட்டம். முதலாளியின் அப்பா காலத்தில் போட்ட சட்டம். மாற்ற இவருக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது கையில் இருப்பது ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி ஒருவரின் சுயசரிதை. மனிதர் முதலில் ராணுவம், பிறகு போலீஸ், லீவு நாட்களில் வேட்டை. ஆக, துப்பாக்கியைக் கீழே வைக்க வாழ்க்கையில் அவருக்கு நேரமே கிடைக்கவில்லை.

சுட்ட காட்டுப்பன்றிகளுக்கெல்லாம் நீளமும் எடையும் எழுதியிருந்தார். வேட்டை நாய் ஐந்துக்கும் பெயர் இருந்தது. எண்பத்து நாலாம் பக்கத்தில் மட்டும், 'விசாரணைக்குக் கூட்டிப்போன ஒருவன் ஓடினான். ஆற்றங்கரையில் முதுகில் சுட்டேன். வெள்ளம் அவனைக் கொண்டுபோய்விட்டது' என்று மூன்றே வரி. நாலாவது வரியில் மனிதர் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

நாய்க்குப் பெயர் உண்டு, மனுஷனுக்குக் கிடையாதா? பெயர் வராமல் இந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவதில்லை என்று அப்போதே முடிவு கட்டினாள்.

'ஒருவன் யார்? பெயர் தேவை. ஓடுகிறவனை ஏன் சுட வேண்டும்?' என்று ஓரத்தில் எழுதி அனுப்பினாள்.

இரண்டு நாளில் திருத்தம் வந்தது. பெயர் வரவில்லை. ஓடியவன் மட்டும் இப்போது திரும்பி நின்று கத்தியை ஓங்கினான்.

'கைதியிடம் கத்தி எப்படி வந்தது?' என்று கேட்டாள்.

மரத்தின் மேலிருந்து கூட்டாளிகள் மூன்று பேர் வீசினார்களாம்.

'கைதியின் கையில் விலங்கு இருந்திருக்குமே, எப்படிப் பிடித்தான்?'

வாயால் கவ்வினானாம்.

நாலாவது திருத்தத்தில் அந்த மூன்று வரி பதினோரு பக்கமாகி, 'நான் கண்ட கொடூரன்' என்று தனித் தலைப்பும் வைத்துக்கொண்டது. முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அக்கா, நீங்க திருத்த ஆரம்பிச்சப்போ அந்தாளு பாவம், சும்மா ஓடிக்கிட்டிருந்தான். இப்போ பாருங்க, கடைத்தெருவையே கொளுத்திட்டு நிக்கிறான். இன்னொரு கேள்வி கேட்டீங்கன்னா நம்ம அச்சகத்துக்கே வந்துடுவான்."

"பேரு வரட்டும்."

"வெள்ளிக்கிழமை வெளியீட்டு விழா."

"பேரு வரட்டும். இல்லேன்னா நான் வேலையை விட்டுப் போறேன். வேற ஆளை வச்சுக் கையெழுத்து வாங்கிக்கோங்க."

மற்ற பக்கங்கள் அச்சாகித் தையலுக்கு வந்துவிட்டதால், பக்கம் கூடக்கூட அவதி எல்லாம் பைண்டிங் அறையில் வேலை பார்த்த கோந்து என்பவருக்குத்தான். வயது அறுபதுக்கு மேல். இடது கை தோளுக்கு மேல் ஏறாது. மேல் தட்டுத் தாளை எடுக்க யாரையாவது கூப்பிடுவார். வந்து சேர்ந்த வாரத்தில் யாரோ வைத்த பட்டப்பெயர், வருகைப் பதிவேட்டிலும் 'கோந்து' என்றே ஏறிவிட்டது. தைத்த தாள் கட்டை மூன்றாம் முறையாகப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

"பேரு அவ்வளவு முக்கியமாக்கா?"

"என்ன இப்படிக் கேக்கறீங்க? ஒரு உயிரு போயிருக்கு. அவன் அம்மா எங்கெல்லாம் தேடி அலைஞ்சாளோ."

"அம்மாவுக்கு எப்படியாவது தெரிஞ்சிருக்கும்க்கா" என்று சொல்லிவிட்டு அவர் ஊசியில் நூல் கோர்த்தார்.

எழுதிக் கேட்டால் ஆகாது என்று புதன்கிழமை அக்கா அதிகாரியின் வீட்டுக்கே கிளம்பிவிட்டாள். கூடத்துச் சுவர் முழுக்கப் பன்றித் தலை. ஒவ்வொன்றின் கீழும் தேதியும் இடமும் பொறித்த பித்தளைத் தகடு.

"நாப்பது வருஷத்துக் கதைம்மா. செத்தவனுக்குப் பேரு எதுக்கு?" என்றார் அதிகாரி.

"பன்னிக்குத் தகடு எதுக்கு சார்?"

அவர் சுவரைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்து அக்கா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவரோ மெதுவாகச் சொன்னார்.

"கத்தியெல்லாம் இல்ல. ஓடினான், அவ்வளவுதான். தண்ணியில விழுந்ததைப் பாத்தேன். செத்தான்னு எழுதிக் குடுத்தேன். மெடல் குடுத்தாங்க."

எழுந்து போய் அலமாரியில் இருந்து ஒரு பழைய டைரியை எடுத்து வந்தார். அதைப் பார்த்து ஒரு துண்டுத் தாளில் எழுதினார். பேர், அப்பா பேர், தெரு, எல்லாம் இருந்தது.

"போட்டுக்கோ. முதல்ல எழுதின மூணு வரியே போதும்."

அக்கா திரும்பி வந்த நடையைப் பார்த்து முதலாளியே எழுந்து நின்றுவிட்டார். அவள் அவரைக் கண்டுகொள்ளாமல் நேரே பைண்டிங் அறைக்குப் போனாள். இத்தனை நாள் கட்டைப் பிரித்துப் பிரித்துத் தைத்தவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"கிடைச்சிடுச்சு கோந்து. இனி அவன் 'ஒருவன்' இல்ல. தடித்த எழுத்துல போடப்போறேன். பேரு, தெரு, ஒண்ணு விடாம."

கோந்து கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். இரண்டு வரியைப் படிக்க அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சட்டைக் காலரை இழுத்து, இடது தோளின் பின்பக்கத்தைக் காட்டினார். அங்கே காசு அளவுக்கு ஒரு பழைய தழும்பு குழிந்து கிடந்தது.

"பேரு வேண்டாம்க்கா. நான் செத்துட்டேன்னு அவரு எழுதிவச்சதாலதான், இத்தனை வருஷமா என்னை யாரும் தேடாம இருக்காங்க."