சிவப்புக் குல்லாயும் இல்லாத மனைவியும்

புனோ நகரில் வசிக்கும் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய எர்மினியா அக்காவுக்கு,

தகிலே தீவிலிருந்து தம்பி ஃபெர்மின் வணங்கி எழுதுவது. நான் நலம். அத்தானின் முதுகுவலி குறைந்ததா, கினிப்பன்றிகள் குட்டி போட்டனவா என்று அறிய ஆவல். நிற்க, வரும் சனிக்கிழமைப் படகில் நீ இங்கே வந்து, எனக்கு எந்த ஊரிலும் மனைவி கிடையாது என்று ஒருவரிடம் சத்தியம் செய்ய வேண்டும். பதறாதே, விவரமாகச் சொல்கிறேன்.

படகு இஞ்சின் பழுதுபார்க்க வந்த இடத்தில் நியேவெஸிடம் மனதைப் பறிகொடுத்ததை முன்பே எழுதியிருந்தேன். இந்தத் தீவில் குல்லாய் பின்னுவது ஆண்பிள்ளைகள் வேலை. பெண் கேட்பவன், தானே பின்னிய குல்லாயைப் பெண்ணின் அப்பாவிடம் கொடுக்க வேண்டும். அவர் அதற்குள் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார். ஒழுகினால் நடையைக் கட்ட வேண்டியதுதான். ஏன் தண்ணீர், ஏன் சூப் ஊற்றக் கூடாது, வெயிலில் காய்ந்த குல்லாய் சுருங்காதா என்று ஊரெல்லாம் விசாரித்தேன். எனக்குத்தான் எதையும் கேட்காமல் இருக்க முடியாதே! பக்கத்து வீட்டு செல்சோ, கேள்வியை நிறுத்திவிட்டுப் பின்னல் கம்பியை எடு என்று சொல்லி நூலைக் கொடுத்தான்.

அது நூல் இல்லை அக்கா, வம்பு. அவன் அம்மா அதை அவ்வளவு இறுக்கமாக முறுக்கியிருந்தாள். கையை விட்டால் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு முடிச்சாகிவிடும். இங்குள்ளவர்கள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மலைப்படி ஏறியபடியே ஐந்து கம்பியில் பின்னுகிறார்கள். நான் உட்கார்ந்து பின்னியே கீழே விழுந்தேன். குல்லாயில் குருவி உருவம் போடச் சொன்னார்கள், போட்டேன். “குருவிக்குக் காது எதுக்குடா?” என்று செல்சோ கேட்டான். ஒட்டுக் கேட்கத்தான் என்றேன். உச்சிக்கு வைத்திருந்த வெள்ளை நூல், பின்னிப் பிரித்து, பிரித்துப் பின்னி, பஞ்சாகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு சிரித்ததால் கதவைச் சாத்திக்கொண்டு, மிச்சமிருந்த சிவப்பு நூலிலேயே உச்சிவரை முடித்துவிட்டேன். இளவட்டங்களுக்கு உச்சி வெள்ளை, பெரியவர்களுக்கு முழுச் சிவப்பு என்று பார்த்திருக்கிறேன். சிவப்பென்றால் நான் பொறுப்பான ஆளாகத் தெரிவேன் என்று நினைத்தேன். தீவில் நான் யாரிடமும் கேட்காத ஒரே விஷயம் இதுதான்.

ஞாயிறு பூசை முடிந்து, சதுக்கத்தில், நியேவெஸின் அப்பா டோன் ஹசிந்தோ குல்லாய்க்குள் தண்ணீர் ஊற்றினார். ஊரே எட்டிப் பார்த்தது. ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. அது திறமை இல்லை, பயம். பயத்தில் அவ்வளவு இறுக்கியிருக்கிறேன். அவர் முகம் மலர்ந்து, இடுப்புப் பையிலிருந்து கொக்கா இலை எடுத்து நீட்டினார். சம்பந்தி வீட்டு மரியாதை! நான் தலைகால் புரியாமல் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஈரக் குல்லாயை மாட்டிக்கொண்டேன். அவர் இலையைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

“தம்பி, உன் பொண்டாட்டி எந்த ஊரு?”

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றேன்.

“அப்போ தலையில இருக்கிறது யாரோட குல்லா?”

என்னுடையதுதான், நானே பின்னியது என்று பெருமையாக வேறு சொல்லித் தொலைத்தேன். கல்யாணமானவன்தான் இங்கே முழுச் சிவப்பு போடுவானாம். முன்னாடியே சொல்லக் கூடாதா என்று செல்சோவிடம் பாய்ந்தால், நீ கேட்கவில்லையே என்கிறான். குல்லாயைக் கழற்றப் பார்த்தேன், வரவில்லை. இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். நியேவெஸ் கம்பளி நூற்றபடியே நடந்து போய்விட்டாள். அதைத்தான் என்னால தாங்க முடியலை அக்கா. உன் வீட்டு ஆள் யாராவது வந்து சொன்னால் யோசிக்கிறேன், இல்லாவிட்டால் சனிக்கிழமைப் படகிலேயே நீ ஏறிப் போய்விடு என்று டோன் ஹசிந்தோ சொல்லிவிட்டார்.

பூமித்தாய் உன் அடுப்பையும் அத்தானின் முதுகையும் காக்கட்டும்.

உன் தம்பி,
ஃபெர்மின்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது நியேவெஸ் வந்தாள், அப்பாவையும் இழுத்துக்கொண்டு. அவரிடம் சொன்னாள்: “இந்தாளு இன்னொரு குல்லா பின்னி முடிக்கிறதுக்குள்ள நான் கிழவி ஆயிருவேன்ப்பா. குல்லா சரியாத்தான் இருக்கு, ஆளை அதுக்கு ஏத்த மாதிரி மாத்திருங்க.” அவர் பையைத் திறந்து மறுபடியும் இலையை நீட்டினார். ஆகவே, சனிக்கிழமை கல்யாணத்துக்கு அத்தானோடு கட்டாயம் வா. எனக்கு மனைவி கிடையாது என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே.